நைன் பாலில் 1-ஐ அடிச்சு 9 விழுந்தா கேம் முடிஞ்சதா?

கேட்டது: கோயமுத்தூர்ல பூல் பார்லர்ல நைன் பால் ஆடறோம். 1-ஐ அடிச்சேன், அது போய் 9-ஐத் தள்ளி குழில போட்டுருச்சு. நான் ஜெயிச்சேனா இல்லையா? பசங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

ஜெயிச்சது நீங்கதானுங்க. நைன் பால்ல 1-லிருந்து 9 வரை நம்பர் போட்ட பந்துங்க, 9-ஐ முறையா விழ வெச்சவங்கதான் ஜெயிச்சவங்க. 1, 2, 3-னு வரிசையா குழில விழணும்னு உங்க பசங்க நினைச்சிருப்பாங்க. வரிசை விழறதுக்கு இல்லைங்க, தொடறதுக்கு. டேபிள்ல மிச்சமிருக்கறதுல சின்ன நம்பரை வெள்ளைப் பந்து முதல்ல தொடணும், அவ்வளவுதான். அப்புறம் எந்த நம்பர் பந்து எந்தக் குழில விழுந்தாலும் செல்லும், நீங்களே தொடர்ந்து ஆடலாம். ஃபவுல் இல்லாம 9 விழுந்தா கேம் அங்கேயே முடிஞ்சுது, பிரேக்ல, அதாவது ஆட்டத்தோட முதல் அடில, விழுந்தாலும் அப்படித்தான். பந்தையும் குழியையும் முன்கூட்டியே சொல்லி அடிக்கறது டென் பால்ங்கற வேற ஆட்டத்தோட விதி. அதைக் கொண்டுவந்து இதுல நுழைச்சுட்டு "எங்க பார்லர்ல இப்படித்தான்"னா, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும்.

நிறைய தகராறு வர்ற இடம் இன்னொண்ணு இருக்கு. சின்ன நம்பரைத் தொட்டா மட்டும் போதாது. தொட்டதுக்கப்புறம் ஏதாவது ஒரு பந்து விழணும், இல்லைன்னா ஏதாவது ஒரு பந்து, வெள்ளையா இருந்தாலும் சரி, குஷன்ல (டேபிளோட ஓர விளிம்புல) படணும். ரெண்டும் நடக்கலைன்னா ஃபவுல். ஏற்கனவே குஷனை ஒட்டி நிக்கற பந்தை அதே குஷன்லயே அழுத்தினா கணக்குல வராது. விலகிப் போய் திரும்ப அதே குஷன்லயோ வேற குஷன்லயோ படணும், இல்லைன்னா வெள்ளையோ வேற பந்தோ ஒரு குஷனைத் தொடணும்.

ஃபவுல் ஆனா எதிராளி வெள்ளையை டேபிள்ல எங்க வேணா வெச்சு அடிக்கலாம். ஃபவுல்ல 9 விழுந்தா அதை மட்டும் எடுத்து ஃபுட் ஸ்பாட்ல (பந்துங்களை அடுக்கற பக்கம் இருக்கற புள்ளில) வைக்கணும், மத்ததெல்லாம் விழுந்தது விழுந்ததுதான். தொடர்ந்து மூணு ஃபவுல் பண்ணினா கேம் போச்சு. ஆனா ரெண்டாவது முடிஞ்சதும் எதிராளி எச்சரிச்சிருக்கணும்.

நம்ம பக்கம் ஸ்னூக்கர்ல கை பழகி வர்றவங்க நிறைய. அதனாலதான் இங்கயும் ஃபவுலுக்கு நாலு பாயின்ட் கேக்கறாங்க. மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறினா ஊட்டி கிளப், ஸ்னூக்கர் விதிகள் 1880-கள்ல உருவான இடம், அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதுக்காக அந்த விதியை இங்க இழுக்கக் கூடாதுங்க.

ரேக் வைக்கறப்ப, அதாவது ஆரம்பத்துல பந்துங்களை அடுக்கறப்ப, 1 முன்னால ஃபுட் ஸ்பாட்ல, 9 நடுவுல, மத்தது எப்படி வேணா. 1, 9 ரெண்டும் மஞ்சள், கோடு போட்டதுதான் 9. பந்துக்குப் பந்து இடைவெளி விழக்கூடாது. விழுந்தா அடியோட வேகம் பின்வரிசைக்குப் போகாது, பந்துங்க கொத்தாவே நின்னுடும். பிரேக்ல வெள்ளை 1-ஐ முதல்ல தொடணும். ஒரு பந்தாவது விழணும், இல்லைன்னா நாலு பந்தாவது குஷன்ல படணும்.

இந்த இடைவெளிக்கு நான் ஆடறவங்களைக் குறை சொல்ல மாட்டேன். மணிக்கணக்குல காசு வாங்கற பார்லர்காரங்க, ஃபுட் ஸ்பாட் பக்கம் துணி குழி விழுந்து தேஞ்சுபோயும் மாத்தறதில்லை. அந்தப் பள்ளத்துல 1 எப்படி வெச்சாலும் நகரும். வேற டேபிள் கேளுங்க.