கவர் ஆடுகிறதா? முழு செட்டுக்குக் காசு கொடுக்க முன்னர்

கேள்வி: வணக்கம் ஐயா. முன்பக்கம் அரைக் கவர் போட்ட 220 சீசீ பைக் ஒன்றைப் பழசாக வாங்கினேன். வேகம் 50ஐத் தாண்டினால் லைட்டைச் சுற்றியுள்ள கவரும் பக்கக் கவர்களும் கடகடவென்று அடிக்கின்றன. ஒரு கராச்சில், "முழு செட்டையும் மாத்துங்கோ, இல்லாட்டிச் சத்தம் நிக்காது" என்றார்கள். இன்னொரு இடத்தில் கம் போட்டு ஒட்டித் தரலாம் என்கிறார்கள். எதைச் செய்யட்டும்?
– கொக்குவில் வாசகர்

பதில்: இரண்டையும் இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கவர் ஆடும்போது பெரும்பாலும் பழுதாகியிருப்பது கவர் அல்ல, அதைப் பிடித்து வைத்திருக்கும் சில்லறைச் சாமான்கள்தான்.

முதலில் சத்தம் எங்கே என்று பாருங்கள். பைக்கை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, சத்தம் வரும் அளவுக்கு மெல்ல அக்சிலேட்டரைத் திருகுங்கள். கூட நிற்கும் ஒருவர் ஒவ்வொரு கவராக உள்ளங்கையால் அழுத்தட்டும். எதை அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ, அந்த இடத்துப் போல்ட்டுகளைக் கழற்றுங்கள். வேறு எதையும் இப்போது தொட வேண்டாம்.

கவரின் ஓட்டைக்குள் பொதுவாக ஒரு றப்பர் வளையமும், அதற்குள் ஒரு சின்ன இரும்புக் குழாயும் இருக்கும். போல்ட் அந்தக் குழாய்க்குள்ளால் போகிறது. எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் குழாயோடு நின்றுவிடும், பிளாஸ்ரிக்கில் ஏறாது. எப்போதோ ஒரு கராச்சில் கழற்றிப் பூட்டும்போது அந்தக் குழாய் விழுந்து தொலைந்திருந்தால், அதன்பின் பூட்டுகிற போல்ட் நேரே பிளாஸ்ரிக்கை நெரிக்கும். சத்தம் வருகிறதே என்று இன்னும் இறுக்குவார்கள், ஓட்டையைச் சுற்றி வெடிக்கும், சத்தம் கூடும். நான் பார்த்த உடைந்த கவர்களில் பாதிக்கு மேல் விழுந்து உடைந்தவை அல்ல, இறுக்கி உடைத்தவை.

றப்பர் எங்கள் வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும். போல்ட் பிடிக்கிற மடிப்புக் கிளிப்போ கடற்காற்றில் துருப்பிடித்துப் புரி தேய்ந்துவிடும். இவற்றைத் தனித்தனியாக வாங்கலாம். பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். போல்ட்டின் நீளமும் முக்கியம். நீளம் கூடிய போல்ட் உள்ளே வயரில் குத்தும்.

போல்ட் கழராமல் இருக்கப் புரியில் விடுகிற லொக் திரவத்தைச் சிலர் இங்கேயும் விடுவார்கள். விட வேண்டாம். அது வழிந்து பட்டால் இந்த வகைப் பிளாஸ்ரிக் வெடிக்கக் கூடும். நைலோன் வைத்த நட்டும் நல்ல றப்பரும் போதும். நேரே கவரில் ஆணி முறுக்கி இறக்கிவிடுகிற "விரைவு வேலை"க்கும் சம்மதிக்காதீர்கள்.

பழைய பைக் என்பதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கவரை இழுத்துப் பிடித்தால்தான் ஓட்டையும் போல்ட்டும் நேருக்கு வருகிறது என்றால், உள்ளே கவரைத் தாங்கும் இரும்புச் சட்டம் வளைந்திருக்கிறது. முந்தைய சொந்தக்காரர் எங்கோ விழுத்தியிருப்பார். அதை நிமிர்த்தாமல் புது செட் போட்டால் புதுக் கவரும் கோணலாகத்தான் இருக்கும், கொஞ்ச நாளில் அதுவும் வெடிக்கும். கராச்காரர் சட்டத்தைப் பார்க்காமலே செட்டை மாற்றச் சொன்னாரா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, போல்ட் பிடிக்கிற காது முறிந்தே போயிருந்தால்? அப்போதும் ஒட்டலாம், ஆனால் எதை எதனோடு ஒட்டுகிறோம் என்று தெரிய வேண்டும். கவரின் உட்பக்கத்தில் அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஏ.பி.எஸ். அல்லது பி.பி. என்று பிளாஸ்ரிக்கின் வகையை அச்சிட்டிருக்கும். பெயின்ட் அடித்த கவர்கள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். பெயின்ட் இல்லாத கறுப்பு மட்கார்ட் போன்றவை பெரும்பாலும் பி.பி. எழுத்து இல்லையென்றால் உட்பக்க மூலையில் ஒரு துளி அசற்றோன் (பெயின்டைக் கரைக்கும் திரவம்) தடவுங்கள். பிசுபிசுத்தால் ஏ.பி.எஸ்., ஒன்றும் ஆகாவிட்டால் பி.பி. ஆக இருக்கலாம்.

ஏ.பி.எஸ். என்றால் வேலை மலிவு. அதே வகைப் பிளாஸ்ரிக்கில் உடைந்த துண்டுகளை நொறுக்கிக் கண்ணாடிப் போத்தலில் அசற்றோனில் ஊறவைத்தால் கூழாகிவிடும். வெடிப்பு மேலும் ஓடாமல் இருக்க அதன் நுனியில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஓட்டை போட்டு, உட்பக்கத்தை அரத்தாளால் உரசி, மெல்லிய கம்பி வலையை வைத்து அதன்மேல் கூழைப் பூசுங்கள். குறைந்தது ஒரு நாள் முழுக்கக் காயவேண்டும். காயும்வரை மாட்டாதீர்கள். அசற்றோன் வெளிப்பக்கப் பெயின்டில் பட்டால் பெயின்ட் போய்விடும். நெருப்பும் டக்கென்று பிடிக்கும், ஆகவே அடுப்படியில் வைத்துச் செய்ய வேண்டாம்.

பி.பி. என்றால் அசற்றோனும் சூப்பர் குளூவும் அரல்டைட்டும் நிற்காது. அதே வகைக் குச்சியை உருக்கி வெல்ட் செய்ய வேண்டும், அல்லது சூடாக்கிய கம்பி ஊசிகளைப் பதித்துத் தைக்க வேண்டும். இரண்டிலும் புகை வரும் என்பதால் வெளியில் வைத்துச் செய்வது நல்லது.

ஒட்டித் தருகிறோம் என்றவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இது என்ன பிளாஸ்ரிக், எதனால் ஒட்டப் போறீங்கள்?" வெறும் சூப்பர் குளூ என்றால் விட்டுவிடுங்கள். அது இறுகிக் கண்ணாடி மாதிரி நிற்கும், அதிர்வு பட்டதும் விடும். பிறகு சரியாக வெல்ட் செய்ய வந்தால் அந்தக் காய்ந்த குளூவே இடைஞ்சல்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கவர் தேறாது என்றால், இடது, வலது, நடு என்று தனித்தனியாக விலை கேளுங்கள். செட்டாகத்தான் தருவோம் என்பவரைத் தாண்டி இன்னொரு கடைக்குப் போகலாம். இலங்கைக்கு வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் தொடங்கியதால், இங்கே பழைய மொடல்கள் நிறைய ஓடுகின்றன. ஆகவே உங்களுடைய உடைந்த கவரைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். அதன் காது இன்னொருவருக்கு உதவும், கூழுக்கும் ஆகும்.

கேள்வி: கம்பனிச் சாமான் இல்லை, அதே அளவில் வரும் வேறு சாமான் என்று சொல்லி ஒரு பக்கக் கவர் வாங்கினேன். ஓட்டைகள் அரை விரல் தள்ளி நிற்கின்றன. கடைக்காரர், "வித்தது வித்ததுதான் அக்கா" என்கிறார். என்ன செய்யலாம்?
– சாவகச்சேரி வாசகி

பதில்: அதில் ஓட்டை போட்டீர்களா, பெயின்ட் அடித்தீர்களா? அடித்திருந்தால் கடைக்காரர் அதையே காரணம் காட்டுவார், நியாயமும் அவர் பக்கம் சாயும். தொடாமல் வைத்திருந்தால் உங்கள் கை மேலோங்கியிருக்கிறது.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, நீங்கள் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவேண்டும். விற்கும் பொருள் வாங்கிய தேவைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் உண்டு. உங்கள் பைக்கின் மொடலைச் சொல்லித்தானே வாங்கியிருப்பீர்கள்? பழைய கவரையும் புதியதையும் கடைக்கு எடுத்துப்போய் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டுங்கள், படமும் எடுத்து வையுங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் அந்த இடத்திலேயே மாற்றித் தருவார்கள். அப்படியும் மறுத்தால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். சாமானை வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்துமூல முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும், அதனால் ஆறப்போடாதீர்கள். பற்றுச்சீட்டில் வெறுமனே "கவர் 1" என்று எழுத விடாமல், அடுத்த முறை மொடலையும் ஆண்டையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பார்க்கப்போன பழைய பைக்கில் ஒரு பக்கக் கவர் மட்டும் பளபளவென்று புதிதாக இருக்கிறது. பயப்பட வேண்டுமா?
– மானிப்பாய் வாசகர்

பதில்: கவர் மாற்றியது குற்றமில்லை. அதே பக்கத்து ஹாண்டில் நுனி, கால் வைக்கும் கம்பி, எஞ்சின் மூடியில் உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, தடுத்து நிறுத்தும் இரும்பு நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். நசுங்கியிருந்தால் அது சின்ன விழுகை அல்ல. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சேஸியைப் பார்க்கும்வரை முற்பணம் கொடுக்க வேண்டாம்.