4294967297 என்ற எண்ணுக்குக் கணிதத்தில் ஏதாவது சிறப்பு உண்டா?

உண்டு. பத்து இலக்க எண்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இது 2³² + 1. 2இன் அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய், ஒவ்வொரு முறையும் விடையோடு 1 கூட்டினால் கிடைப்பவை ஃபெர்மா எண்கள். அந்த வரிசையில் 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றுக்கு அடுத்து வருவது இது. முதல் ஐந்தும் பகா எண்கள். அதனால் இவ்வரிசையில் வரும் எல்லாமே பகா எண்கள்தான் என்று 17ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை. 1732இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் இதன் காரணிகளைக் கண்டுபிடித்தார்: 641 × 6700417.

கண்ணை மூடிக்கொண்டு தேடினால் 65536க்குக் கீழே உள்ள 6542 பகா எண்களையும் வகுத்துப் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64ஆல் வகுத்தால் மீதி 1 தருவதாகவே இருக்க வேண்டும். பின்னர் இதை நிரூபித்தவரும் ஆய்லரே. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவது முயற்சியிலேயே விடை வந்துவிடுகிறது!

641 வகுக்கிறது என்பதைப் பெரிய பெருக்கல் இல்லாமலே காட்டலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5 × 2⁷ என்பதற்கு மீதி −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ என்பதன் மீதி 1. இன்னொரு பக்கம் 641 = 5⁴ + 2⁴; அதாவது 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று எழுதலாம். எழுதினால் −2³² என்பதன் மீதி 1 என்றாகிறது. அப்படியென்றால் 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. பள்ளிக் கணிதம் தெரிந்தவர்கள் தாளில் ஒருமுறை இதை எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 641ஐ இரண்டு விதமாக எழுதியது மட்டுமே போதுமானதாக இருக்கிறது.

இது பகா எண் அல்ல என்பதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. 4இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான ஒரு பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே ஒரு வழியில்தான் எழுத முடியும். இந்த எண்ணுக்கோ இரண்டு வழிகள்: 65536² + 1², 62264² + 20449². காரணிகளைத் தொடாமலே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது.

இதிலிருந்து 2 குறைத்தால் வரும் 4294967295ஐயும் கவனியுங்கள். அது 3 × 5 × 17 × 257 × 65537. முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கல். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையக்கூடிய ஒழுங்குப் பலகோணங்களில், பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ளவற்றுள், நமக்குத் தெரிந்த மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். 4294967297 மட்டும் பகா எண்ணாக இருந்திருந்தால் அந்தப் பட்டியல் இதோடு நின்றிருக்காது.