95.6 சதவீதத்தைத் தாண்ட ஒரு சவ்வு

கேள்வி: எத்தனாலை எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. மிச்ச நீரைச் சவ்வு பிரித்துவிடுமா?

பதில்: தாராளமாக. வளிமண்டல அழுத்தத்தில் அந்த அளவை எட்டியதும் திரவத்துக்கும் ஆவிக்கும் ஒரே கலவை. வடித்தல் அங்கேயே நின்றுவிடும். சவ்வுக்கு அந்தத் தடை இல்லை. சூடான கலவை, நீரை ஈர்க்கும் பிளாஸ்டிக்கான பாலிவினைல் ஆல்கஹால் சவ்வின் ஒரு பக்கம் ஓட, மறுபக்கம் வெற்றிடம். நீர் சவ்வில் கரைந்து, ஊடுருவி, ஆவியாக வெளியேறும். அதைக் குளிர்வித்துப் பிடிக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது வெப்பத்தில்தான். ஆவியாகும் நீர் கலவையின் சூட்டையே இழுத்துக்கொள்கிறது. ஒரு சவ்வுத் தொகுதிக்கும் அடுத்ததற்கும் இடையே மறுபடி சூடேற்றாவிட்டால் ஊடுருவல் படுத்துவிடும். சவ்வு வழியே வரும் நீர் திடீரென்று குறைந்ததா? முதலில் வெற்றிடப் பக்கத்து கேஸ்கெட்டில் (இணைப்பை அடைக்கும் பட்டையில்) கசிவு இருக்கிறதா பாருங்கள். பிடித்த நீரில் எத்தனால் கூடினால், சவ்வு உப்பியிருக்கலாம், கிழிந்தும் இருக்கலாம்.