குப்பியைச் சோதிக்கும் வேலை: ஒரு தந்தைக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

பி.எஸ்சி. வேதியியல் முடித்த உங்கள் மகள், அழகுசாதனக் குப்பிகளையும் டியூப்களையும் சோதிக்கும் ஆய்வகத்தில் சேர விரும்புவதாகவும், ‘டப்பாவைச் சோதிப்பதெல்லாம் ஒரு வேலையா’ என்று உறவினர்கள் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது; உறவினர்களின் கேள்வி அப்படியன்று.

பி.வி.சி. பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கப்படும் தாலேட்டுகள், எண்ணெய்ப்பசை மிகுந்த களிம்புக்குள் மெல்ல இறங்கக்கூடியவை. அவற்றுள் சில, உடலின் ஹார்மோன் இயக்கத்தைக் குலைப்பவை. ஆகவேதான் அழகுசாதனப் பொருட்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஒழுங்குமுறை, களிம்பின் பாதுகாப்பு அறிக்கையிலேயே அதை அடைத்திருக்கும் பொருளைப் பற்றிய விவரத்தையும் கேட்கிறது. அங்கே சரக்கு அனுப்பும் நம் நிறுவனங்களுக்கும் அந்த விவரம் தேவைப்படுவதால், இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது.

உணவுப் பொட்டலங்களுக்கான முறையைத் தழுவி, களிம்புக்கு ஈடான திரவத்தைக் குப்பியில் நிரப்பி, 40 டிகிரி செல்சியஸில் 10 நாள் வைத்து, அதில் இறங்கியதை அளப்பது ஒரு வழி. அளப்பதைவிடக் கடினமானது, அளந்ததை நம்புவதுதான். தாலேட் குப்பியில் மட்டுமா இருக்கிறது? வினைல் கையுறையிலும், மேசைத் தூசியிலும்கூட இருக்கும். அதனால் கண்ணாடிக் கலங்களைக் கரைப்பானால் அலசி, குப்பியையே தொடாத வெறும் கரைப்பானையும் ஒவ்வொரு தொகுதி மாதிரிகளோடும், கலவையைப் பிரித்து அதில் உள்ளவற்றை இனங்காணும் ஜி.சி.எம்.எஸ். கருவியில் செலுத்திப் பார்ப்பார்கள். ‘பிளாங்க்’ எனப்படும் அந்த ஓட்டத்தின் வரைபடத்தில் தாலேட்டைக் காட்டும் முகடு எழுந்துவிட்டால், காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டும். மாலை 5 மணிக்கு, அறிக்கைக்காக வாடிக்கையாளர் காத்திருக்கும்போது, அதை மறைக்காமல் மேலாளரிடம் சொல்லும் மனம் உங்கள் மகளுக்கு இருந்தால், இந்தத் துறை அவருக்கு ஏற்றதே.

படிப்பைப் பொறுத்தவரை, கிண்டியில் உள்ள, மத்திய அரசின் சிபெட் நிறுவனம் பிளாஸ்டிக் நுட்பத்தைக் கற்றுத்தரும். ஆனாலும் பகுப்பாய்வு வேதியியலில் எம்.எஸ்சி. படிப்பதையே நான் பரிந்துரைப்பேன். மருந்து, உணவு, குடிநீர் ஆய்வகங்களின் கதவும் அதனால் திறக்கும். ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆய்வகங்களின் திறனை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் தேசிய அமைப்பான என்.ஏ.பி.எல்.-இன் அங்கீகாரம் இருக்கிறதா என்பதோடு, எந்தெந்தச் சோதனைகளுக்கு அது வழங்கப்பட்டுள்ளது என்பதையும் பாருங்கள். தொடக்கச் சம்பளத்தைவிட, முதல் ஆண்டிலேயே கருவியை இயக்க விடுவார்களா என்பதை உங்கள் மகள் கேட்டறிவது முக்கியம்.

இரசாயனம் உடலுக்கு ஆகாதே என்ற உங்கள் அச்சத்தை நான் தள்ளிவிடவில்லை. ஹெக்சேன் போன்ற கரைப்பான்களை ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ‘ஃபியூம் ஹூடு’ என்ற கூண்டுக்குள் வைத்தே கையாள வேண்டும். ஆய்வகத்தைப் பார்க்க அனுமதி கிடைத்தால், அந்த ஹூடு இயங்குகிறதா, கடைசியாக அதைச் சோதித்த தேதி ஒட்டப்பட்டிருக்கிறதா என்று நீங்களே நேரில் பாருங்கள்.