இசை: ஒரே ஒரு பெயர்

அன்புள்ள அக்கா,

நாங்கள் நாலு பேர். வடபழனியில் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய ஒரு மாடி அறையில் ஆறு வருஷம் ராக் வாசித்தோம். நான் பேஸ் கிட்டார். ஒரு ரெக்கார்ட் கம்பெனி எங்களுடைய ஏழு பாட்டையும் கேட்டது. அட்வான்ஸ் 3 லட்சம், ராயல்டி 15 சதவீதம். ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால், ஏழு பாட்டுக்கும் ‘இசை’ என்ற இடத்தில் பாடுகிற நண்பன் பெயர் மட்டும் இருந்தது. டிரம்மர் அன்றைக்கே கிளம்பிவிட்டான். நானும் கையெழுத்துப் போடவில்லை. பாடுகிறவனும் இன்னும் போடவில்லை என்று கேள்வி. பேசி எட்டு மாதம் ஆகிறது. எங்களைப் பிரித்தது கம்பெனியா, இல்லை அவன் செய்தது துரோகமா?

(பெயர் வேண்டாம்), சென்னை

அன்புள்ள தம்பி,

இரண்டும் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ‘இசை’ என்ற அந்த இடம் உங்களிடம் ஆறு வருஷமாகக் காலியாகவே இருந்திருக்கிறது. யாரும் நிரப்பவில்லை. கம்பெனி கேட்டதும் பாடுகிற நண்பர் தன் பெயரைப் போட்டுவிட்டார். மெட்டை முதலில் முணுமுணுத்தவர் அவர்தான் என்றால், பாட்டு தன்னுடையது என்று மனதார நம்பியிருக்கவும் கூடும்.

சில வருஷங்களுக்கு முன்னால் சென்னையில் ஒரு பேண்டுக்கு நான் மூன்று பாட்டு எழுதினேன். ஒத்திகைக்கும் போவேன். மைக்கில் இரைச்சல் ஏறும் என்று ஏசியை அணைத்துவிடுவார்கள். உட்கார்ந்த இடத்திலேயே சட்டை நனைந்துவிடும். ஒரு நாள் கிட்டாரிஸ்ட் நாலு கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள், கொண்டுவந்திருந்தார். சுமாராகத்தான் இருந்தது. அதுவரை ஸ்நேர் டிரம்மின் விளிம்பில் சும்மா தட்டிக்கொண்டிருந்த டிரம்மர், யாரையும் கேட்காமல் அதை சிக்ஸ் எயிட் தாளத்துக்கு மாற்றினார். கானா நடை வந்துவிட்டது. பாடியவருக்கு என் வரி உட்காரவில்லை. அங்கேயே இரண்டு சொல்லை வெட்டினேன். பத்து நிமிஷத்தில் பாட்டு எழுந்து நின்றது. அந்த நடை இல்லாவிட்டால் அந்தப் பாட்டே இல்லை.

அது ஒரு கம்பெனிக்குப் போனபோது ‘இசை’யில் இரண்டு பெயர் இருந்தது. டிரம்மர் பெயர் இல்லை. என் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன். அவர் இப்போது வாசிப்பதே இல்லை. அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

‘இசை’ என்ற அந்த இடம் வெறும் மரியாதைக்கான விஷயமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை 2012இல் திருத்தினார்கள். அதன்பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தாலும், அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுகளுக்கோ, ராயல்டி வசூலித்துக் கொடுக்கும் ஐபிஆர்எஸ் போன்ற சங்கத்துக்கோ மட்டும்தான் அதைக் கொடுக்கலாம். வாசித்தவர்களுக்கும் சட்டத்தில் உரிமை உண்டு, ஆனால் அது தனிக் கணக்கு. உண்மையில் இசையமைத்தது யார் என்றுதான் சட்டம் பார்க்கும். பணமோ தாளில் இருக்கிற பெயருக்குத்தான் போகும். டிரம்மர் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது.

அந்த 3 லட்சத்தையும் கொஞ்சம் பாருங்கள். அட்வான்ஸ் என்பது பெரும்பாலும் உங்கள் ராயல்டியிலிருந்தே கழித்துக்கொள்ளும் பணம். 15 சதவீதத்தில் 3 லட்சம் கழிய வேண்டுமென்றால் அந்தப் பாட்டுகள் 20 லட்சம் சம்பாதிக்க வேண்டும். அதுவரை இந்த 15 சதவீதக் கணக்கில் உங்கள் கைக்கு மேற்கொண்டு ஒரு ரூபாய் வராது. மிக்ஸிங் செலவு, வீடியோ செலவு எல்லாம் உங்கள் கணக்கில் ஏறினால் அந்த 20 இன்னும் தள்ளிப்போகும். மாஸ்டர், அதாவது மூல ஒலிப்பதிவு, யாருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்றும் பாருங்கள். ஒலிப்பதிவின் பதிப்புரிமை வெளியானதிலிருந்து 60 வருஷம். ‘முழுக் காலத்துக்கும்’ என்று இருந்தால், 22 வயதில் போடுகிற கையெழுத்து 82 வயது வரை நிற்கும். காலமே குறிப்பிடாமல் விட்டிருந்தால் சட்டம் அதை ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்ளும். பதிப்புரிமை தெரிந்த ஒரு வக்கீலிடம் காட்டாமல் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள், பாடுகிற நண்பரும் போட வேண்டாம். இதை அவரிடம் சொல்ல உங்களைவிட உரிமையுள்ளவர் யார்?

வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்லி நண்பர்கள் யோசனை சொல்லியிருப்பார்கள். அதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். எட்டு மாதம் என்பது அவருக்கும் எட்டு மாதம்தான். கம்பெனியைப் பற்றி எடுத்த எடுப்பில் பேச வேண்டாம். பழைய அறை இல்லாவிட்டால் ஒரு டீக்கடை போதும், நாலு பேரும் உட்காருங்கள். போனில் இருக்கிற ஒத்திகைப் பதிவுகளைத் தேதி வாரியாகப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டிலும் எது யாரிடமிருந்து வந்தது என்பது அதிலேயே தெரியும், சண்டை போட வேண்டியதில்லை. அப்புறம் பாட்டுக்கு ஒரு தாள்: வரி யார், இசை யார், யாருக்கு எத்தனை சதவீதம், கீழே நாலு கையெழுத்து, தேதி. ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள். பேண்ட் மறுபடி சேராவிட்டாலும் அந்த ஏழு பாட்டுக்கும் அது வேண்டும். கூட்டாகப் போட்ட பாட்டை ஒருவர் மட்டும் எழுதிக் கொடுத்தால் நாளைக்கு அவருக்கும்தான் சிக்கல்.

டிரம்மர் வர மாட்டேன் என்றால் நீங்கள் இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போங்கள். போகும்போது பாடகர் கையில் அந்தத் தாள் இருக்கட்டும், ‘இசை’ என்ற இடத்தில் டிரம்மர் பெயரை அவரே எழுதி.