கட்-ஆஃப், ரேங்க், ஸ்காலர்ஷிப்: இந்த வாரக் கேள்விகள்

என் மகள் கணிதத்தில் 96, இயற்பியலில் 88, வேதியியலில் 90 வாங்கியிருக்கிறாள். பிசி பிரிவு. கிண்டி சிஇஜியில் (அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி) கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? (ஒரு தாய், தேனி)

கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடுவது. கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக: 96 + 44 + 45 = 185. கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிசி பிரிவில் 200-ஐ ஒட்டித்தான் முடிகிறது. அந்த ஆசையை இப்போதே விட்டுவிடுங்கள். கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி), மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி, சேலம் அரசுப் பொறியியல் கல்லூரி ஆகியவற்றில் மெக்கானிக்கல், சிவில், இஇஇ எந்த ரேங்கில் முடிந்தன என்று பாருங்கள். ரேங்க் என்றுதான் சொன்னேன், கட்-ஆஃப் இல்லை. வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் 185-க்கு மேலேயே பெரிய கூட்டம் நிற்கும். அதே மதிப்பெண்ணுக்கு ரேங்க் ஆயிரக்கணக்கில் பின்னால் போய்விடும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொது ரேங்க், சமூக ரேங்க் இரண்டையும் குறித்துக்கொண்டு, போன வருட ரேங்கோடு ஒப்பிடுங்கள்.

கவுன்சலிங்கில் விருப்பக் கல்லூரிகளை வரிசைப்படுத்தும் சாய்ஸ் ஃபில்லிங்கில் எது முதலில் வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். "கிடைக்காததை மேலே போட்டால் கிடைப்பதும் போய்விடும்" என்று பிரௌசிங் சென்டரில் சொல்வார்கள், நம்பாதீர்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, ரேங்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைக் கொடுக்கும். பாதுகாப்புக்காக ஒரு கல்லூரியை முதலிடத்தில் வைத்தால் அதுதான் கிடைக்கும்.

என் பையன் நல்ல மார்க். நல்ல காலேஜில் ஸ்காலர்ஷிப்போடு சீட் கிடைக்குமா?

மதிப்பெண் இல்லை, பிரிவு இல்லை, வருமானம் இல்லை, ஊர்கூட இல்லை. இதற்கு நான் என்ன பதில் எழுதுவது? நான்கையும் எழுதி அனுப்புங்கள்.

எனக்கும் என் தோழிக்கும் 190 கட்-ஆஃப். அவள் ரேங்க் எனக்கு முன்னால் இருக்கிறது. தவறா? (மாணவி, கரூர்)

தவறில்லை. கட்-ஆஃப் சமமானால் முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போவார்கள். எதிலும் பிரியாவிட்டால் பிறந்த தேதி, கடைசியாக ரேண்டம் எண்.

ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. என் மகனுக்கு 50 சதவீதம் மெரிட் ஸ்காலர்ஷிப்பாம். இன்று இரவுக்குள் 50,000 கட்டினால்தான் உறுதியாம். கட்டலாமா? (ஒரு தந்தை, திண்டுக்கல்)

கட்டாதீர்கள். ஒவ்வொரு வருடமும் மே மாதம் இதே கடிதம் எனக்கு வருகிறது, ஒவ்வொரு வருடமும் வயிறு எரிகிறது. இரவுக்குள் பணம் கேட்கும் இடத்தில் மெரிட் எங்கே இருக்கிறது? பிள்ளை ஏற்கெனவே தேர்வு எழுதி முடித்துவிட்டான், அவன் மதிப்பெண் நாளைக் காலையிலும் அதேதான்.

கணக்கைப் போடுங்கள். டியூஷன் கட்டணம் வருடம் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பாதி தள்ளுபடி என்றால் நான்கு வருடத்துக்கு 8 லட்சம் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் "முதலாம் ஆண்டுக்கு மட்டும்" என்று இருந்தால், 2 லட்சமும் மூன்று 4 லட்சமும் சேர்த்து 14 லட்சம். நான்கு வருடமும் உண்டு என்று போட்டிருந்தாலும், ஒரு அரியர் விழுந்தால் ரத்து, சிஜிபிஏ குறைந்தால் ரத்து என்று நிபந்தனை இருக்கும். முதல் செமஸ்டர் கணிதத்தில் தடுக்கி விழும் நல்ல பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஹாஸ்டல், மெஸ், பஸ் எதுவும் இந்தத் தள்ளுபடியில் வராது. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரிக்குப் போனால், 2017-இல் நிர்ணயித்த டியூஷன் கட்டணமே வருடம் 50,000 சொச்சம்தான். "பாதி விலை" என்று அவர்கள் சொல்வதை இதோடு வைத்துப் பாருங்கள்.

எல்லோரும் இப்படி இல்லை. வேலூர் விஐடி நுழைவுத்தேர்வில் முதல் 1000 ரேங்குக்குள் வருபவர்களுக்குக் கட்டணச் சலுகையை விதியாகவே அறிவித்திருக்கிறார்கள். முன்கூட்டியே அச்சில் இருப்பதுதான் ஸ்காலர்ஷிப்.

எத்தனை வருடம், எந்தக் கட்டணத்தில், என்ன நிபந்தனை என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது எழுத்து ஆகாது. அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசி, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ இரண்டுமே சொல்லியிருக்கின்றன.

அக்கா பி.எஸ்சி. முடித்திருக்கிறாள். எனக்கு முதல் பட்டதாரிச் சலுகை உண்டா?

கிடையாது.

ஆறாம் வகுப்பு மட்டும் அரசு உதவிபெறும் பள்ளி, ஏழு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளி. எல்லாம் தமிழ் வழி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவேனா? (மாணவர், விழுப்புரம்)

வர மாட்டீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பது விதி, ஒரு வருடம் உதவிபெறும் பள்ளி என்றாலும் போயிற்று. டியூஷன், ஹாஸ்டல், கவுன்சலிங் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும் ஒதுக்கீடு அது, இழப்பு பெரியதுதான். ஆனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு, அதை விடாதீர்கள்.

ஜேஇஇ மெயினில் 97 பர்சென்டைல், பிசி. திருச்சி என்ஐடி? கட்டணம் கட்ட வசதியில்லை. (மாணவர், தஞ்சாவூர்)

பதினைந்து லட்சம் பேர் எழுதும் தேர்வில் 97 என்றால் உங்களுக்கு முன்னால் சுமார் 45,000 பேர். பாதி இடம் தமிழ்நாட்டுக்கு என்றாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எட்டாது. மற்ற பாடப் பிரிவுகளை ஓபிசி (மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்) ரேங்கை வைத்துப் பாருங்கள். நம் பிசி சான்றிதழ் அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், இந்த ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய ஓபிசி-என்சிஎல் (வசதி படைத்தோர் பிரிவில் வராத ஓபிசி) சான்றிதழ் வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு இந்த வாரமே போங்கள்.

கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் டியூஷன் முழுதும் தள்ளுபடி, ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு. மெஸ் தனி.

இரண்டு பெண்களும் பொறியியல் படிக்கிறார்கள். பிரகதி உதவித்தொகை ஒருத்திக்குத்தானா?

தொழில்நுட்பக் கல்வி படிக்கும் பெண்களுக்கு ஏஐசிடிஇ தரும் இந்த உதவித்தொகை இருவருக்கும் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் தலைக்கு வருடம் 50,000. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் முதல் வருடமே விண்ணப்பிக்க வேண்டும், அப்புறம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும்.