இரண்டாவது சபை கேட்கும்போது எதை எழுத வேண்டும்?

சாவகச்சேரிப் பக்கத்துச் சனசமூக நிலையம் ஒன்றின் செயலாளர் கேட்டிருக்கிறார்: "புதிய அரசியலமைப்புக்கு எழுத்தில் யோசனை அனுப்ப இருக்கிறோம். இந்தியாவின் மாநிலங்களவைபோல இலங்கைப் பாராளுமன்றத்துக்கும் ஒரு இரண்டாவது சபை வேண்டும் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது வந்தால் எங்களுக்குப் பாதுகாப்பா? எப்படி எழுதலாம்?"

கட்டாயம் எழுதுங்கள். ஆனால் "இரண்டாவது சபை வேண்டும்" என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். அப்படி ஒரு சபை எங்களுக்கு ஏற்கெனவே இருந்தது. மூதவை என்பது அதன் பெயர். 1947 சோல்பரி அரசியலமைப்பின்படி அதற்கு 30 உறுப்பினர்கள். அதில் 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, மற்ற 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி (Governor-General) நியமித்தார். மாகாணம், பிரதேசம் என்ற பேச்சே அதில் இல்லை. மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948 குடியுரிமைச் சட்டமும் 1956 தனிச் சிங்களச் சட்டமும் வந்தபோது மூதவை இருக்கத்தான் செய்தது. தன்னையே ஒழிக்க வந்த சட்டமூலத்தைத் தடுக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. 1971 ஒக்டோபரோடு கதை முடிந்தது.

மாநிலங்களவையின் பெரும்பாலான உறுப்பினர்களை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களே தெரிவு செய்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம். பணச் சட்டமூலத்தை (Money Bill) அந்தச் சபை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சாதாரண சட்டமூலத்தில் இழுபறி வந்தால் கூட்டு அமர்வு கூட்டலாம், அங்கே ஆள்தொகை கூடிய மக்களவையின் கைதான் ஓங்கும். அரசியலமைப்புத் திருத்தத்துக்குக் கூட்டு அமர்வு கிடையாது, இரண்டு சபையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். உண்மையான பூட்டு இதுதான்.

இலங்கையில் புதிய அரசியலமைப்பை வரைவதற்கான வழிநடத்தல் குழுவின் 2017 இடைக்கால அறிக்கையிலும் இந்தப் பூட்டு இருந்தது. 55 பேர் கொண்ட சபை, மாகாணசபைக்கு ஐந்து பேராக 45, பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10 பேர். அரசியலமைப்பைத் திருத்த இரண்டு சபையிலும் மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்.

சரி, இதை அப்படியே கேட்டால் போதுமா? என் கணிப்பில் போதாது. 55 பேரில் ஒரு திருத்தத்தை நிச்சயமாகத் தடுக்க 19 பேர் வேண்டும். வடக்கும் கிழக்கும் சேர்ந்து ஒரே பக்கம் நின்றாலும் 10தான். அதனால் உங்கள் கடிதத்தில் இந்த வரியைச் சேருங்கள்: "ஒரு மாகாணத்தின் எல்லையையோ அதிகாரத்தையோ மாற்றும் திருத்தத்துக்கு, இரண்டாவது சபையில் உள்ள அந்த மாகாண உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் சம்மதமும் வேண்டும்."

இன்னொன்றை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, எனக்கு அதுதான் கூடுதல் கவலை. வடக்கு மாகாணசபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன்பின் தேர்தல் வராமல் ஆண்டுகள் ஓடின. மாகாணசபையே இல்லாதபோது அந்த ஐந்து பேரை யார் அனுப்புவது? ஆளுநர் நியமிக்கலாம் என்று ஒரு வரி உள்ளே வந்தால், ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி என்பதால், பழைய மூதவைக்கே திரும்பிவிடுவோம். "மாகாணசபை இயங்காத காலத்தில் இரண்டாவது சபையில் அந்த மாகாணத்தின் முன்னைய உறுப்பினர்களே தொடர வேண்டும், ஆளுநர் எவரையும் நியமிக்கக் கூடாது" என்று தனிப் பந்தியாகவே எழுதுங்கள். மாகாண மக்கள் நேரடியாக வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்று கேட்பதும் நல்ல வழிதான். எதைக் கேட்பது என்பதை உங்கள் பொதுக்கூட்டத்தில் பேசி முடிவெடுங்கள்.